செலவு நோட்டும் மொய் நோட்டும்

ஜனவரி 19, 2024

பொங்கல் துணியெல்லாம் தைத்துக் கொடுத்தாகிவிட்டது. கடையில் என் வீட்டுக்காரருக்குக் கூலிக் கணக்கையும் தீர்த்துவிட்டார்கள். தையல்காரர் வீட்டுக்குக் கொஞ்சம் மொத்தமாகப் பணம் வருவது தீபாவளி, பொங்கல், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரம், இவ்வளவுதான். மற்ற நாளில் முகூர்த்த ஜாக்கெட் கூலி. ஆடி பிறந்தால் அதுவும் நின்றுபோகும். மாதக் கணக்கு எங்களுக்குச் சரிப்படாது. தையில் உட்கார்ந்து அடுத்த தை வரைக்கும் எழுதிவிடுவேன்.

அவர் கூலி வருடத்துக்கு 1,45,000 என்று வைத்திருக்கிறேன். நான் பூக்கட்டுவதில் 28,000. மகளிர் உரிமைத் தொகை 12,000. ஆக 1,85,000. செலவில் வாடகை 30,000, மளிகை, காய், பால் எல்லாம் சேர்த்து 60,000, படிப்பு 18,000, சுயஉதவிக் குழுக்கடன் தவணை 24,000, துணியும் பண்டிகையும் 12,000, மருந்து 8,000, கேஸ் 5,000, கரண்டு 2,400. ரேஷனில் அரிசிக்குக் காசில்லை, துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் 25. இவை இருப்பதால்தான் மளிகை 60,000-க்குள் அடங்குகிறது. கரண்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்பதால், மீட்டரைப் பார்த்துப் பார்த்துத்தான் மிக்ஸி போடுகிறோம்.

கடைசி வரி மொய், 25,000. போக மிச்சம் 600.

திருப்பூரிலிருந்து பொங்கலுக்கு வந்திருந்த தங்கச்சி நோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "என்னக்கா இது, மருந்துக்கு எட்டாயிரம், அடுத்தவுக விருந்துக்கு இருபத்தஞ்சாயிரமா? மொதல்ல இதை அடி." நல்லெண்ணத்தில்தான் சொல்கிறாள். ஆனால் இந்த நோட்டில் எதை வேண்டுமானாலும் குறைப்பேன், அந்த வரியைக் குறைக்க மாட்டேன்.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயலில் எங்கள் கூரை ஓடு போனது, தையல் மிஷின் நனைந்து துருப்பிடித்தது. இந்தப் பக்கம் தென்னை நம்பிப் பிழைத்தவர்கள் எல்லாருக்குமே அன்றைக்கு வாழ்வு சாய்ந்தது. அடுத்த வருடம் ஆடியில் மொய் விருந்து வைக்க எங்கள் முறை. மரம் போனவர்கள் எதைக் கொண்டுவந்து போடுவார்கள் என்று பயந்தோம். மொய் மெலிந்துதான் வந்தது. ஆனாலும் வந்தார்கள். 1,46,000 சேர்ந்தது. புது மிஷின் அந்தப் பணத்தில் வாங்கியதுதான். அன்றைக்கு அண்டாவில் போட்டவர்கள் பெயரெல்லாம் என்னிடம் ஊர்வாரியாக எழுதி இருக்கிறது. அவர்கள் வீட்டு முறை வரும்போது நான் இல்லாதவளாக நிற்க முடியுமா?

மார்ச் 9

கேஸ் சிலிண்டர் 100 ரூபாய் குறைந்திருக்கிறது. நேற்று மகளிர் தினத்துக்கு அறிவித்தார்கள். நோட்டில் மாற்றி எழுதினேன்.

இந்த மாதம் புளி வேலை. எங்கள் வரிசையில் நாலு வீடு சேர்ந்து மூட்டையாக வாங்கிவிடுவோம். மாசி, பங்குனியில் புதுப்புளி இறங்கும்போது கொட்டை எடுக்காமல் வாங்கினால் கடை விலையை விட நன்றாகக் குறையும். கொட்டை எடுக்கிற கூலிதான் அங்கே மிச்சம், அந்த வேலையை நாங்களே செய்கிறோம். மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து ஓடு உடைத்து, நார் உருவி, கொட்டை தட்டி, உப்புப் போட்டுப் பானையில் அடைத்தால் அடுத்த மாசி வரைக்கும் புளிக்குக் கடைப்பக்கம் போக வேண்டாம். மிளகாயும் மல்லியும் இப்படித்தான். ஒரே வெயிலில் காயப்போட்டு, ஒரே நாளில் மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்துவிடுவோம். வீடு தவறாமல் ஒருத்தி காவல் இருப்பாள்.

எதிர்வீட்டு அத்தாச்சிக்கு இந்த முறை பங்குப் பணம் தோதுப்படவில்லை. யாரும் கேட்கவில்லை. அவரும் பேசாமல் எல்லாரையும்விட அதிகக் கொட்டை தட்டினார். தன் பங்குப் புளியை எடுக்கும்போது மட்டும், "சித்திரையில குடுத்துர்றேன், எழுதிக்க" என்றார். எழுதச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம். வாய்ப்பேச்சாக விட்டால் நாலு மாதம் கழித்து யாருக்கு எவ்வளவு என்பதில் மனக்கசப்பு வரும். எழுதியிருந்தால் முகம் கொடுத்துப் பேசலாம்.

இந்த எழுதுகிற பழக்கம் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ராத்திரி வகுப்பில் எழுத்துப் படித்தவர். ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலம் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகச் சைக்கிள் பழகியதும் அப்போதுதான். பெயரெழுதக் கற்றதும் அம்மா முதலில் செய்தது, அப்பாவின் மொய் நோட்டைக் கையில் வாங்கியதுதான். அதுவரை யாருக்கு என்ன பாக்கி என்று அப்பா சொன்னதுதான் வேதம்.

ஏப்ரல் 2

பவுன் 50,000-ஐத் தாண்டிவிட்டது. அடகில் இருக்கும் தோடு பற்றி இன்றைக்கு எதுவும் எழுத வேண்டாம்.

ஜூன் 11

நேற்றுப் பள்ளிக்கூடம் திறந்தது. அவருக்கு ராத்திரி பகல் பார்க்காமல் யூனிபாரம் தையல். மகன் ஒன்பதாவது. அவனுக்குப் புத்தகம், பஸ்பாஸ், மத்தியானச் சாப்பாடு பள்ளியிலேயே கிடைத்துவிடும். மகள் பன்னிரண்டாவது முடித்துப் புதுக்கோட்டை அரசு மகளிர் கலைக் கல்லூரியில் சேருகிறாள். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அந்தப் பணத்தை வீட்டுச் செலவில் கலக்கக் கூடாது என்று நானும் அவரும் பேசி வைத்திருக்கிறோம். அவள் பெயரில் வருவது அவள் கையில்தான் இருக்க வேண்டும். தனக்கென்று ஒரு நோட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

சாயங்காலம் குழுக்கூட்டம். பதினைந்து பேரில் ஒருத்திக்குத் தவணை கட்ட முடியவில்லை. வீட்டுக்காரர் கேரளாவுக்கு வேலைக்குப் போய் மூன்று மாதமாகப் பணம் அனுப்பவில்லையாம். குழு பேரில் வாங்கிய வங்கிக் கடன், ஒருத்தி விட்டால் எல்லாருக்கும் பிசகு. சேமிப்பிலிருந்து அவள் தவணையை இந்த மாதம் கட்டிவிட்டு, அவள் பெயரில் உள்கடனாக நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் எழுதினோம். அவள் அழுதாள். தலைவி, "அழுகுறதுக்கா கூட்டம் போட்டோம்? அடுத்த மாசம் பாதியாச்சும் கட்டு" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார். எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. இரக்கப்பட்டுத் தள்ளுபடி செய்திருந்தால் அவள் அடுத்த கூட்டத்துக்கு வந்திருக்க மாட்டாள்.

இதே பெண் போன வருடம் வாரக்கடன் கொடுக்கிற ஒரு தனியார் கம்பெனியில் வாங்கியிருந்தாள். வசூலுக்கு வருபவர்கள் பணம் கொடுக்கும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்கள். குழுவில் அப்படி இல்லை. தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழு 1989-இல் தர்மபுரியில் தொடங்கியது என்பார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதன் பலம், கடன் கொடுப்பவளும் வாங்குபவளும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆகஸ்ட் 11

இன்றைக்கு எங்கள் மொய் விருந்து நடந்தது. உடம்பெல்லாம் வலி, ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கீரமங்கலம், வடகாடு, பேராவூரணிப் பக்கம் ஆடி, ஆவணி என்றால் தெருவுக்குத் தெரு மொய் விருந்துதான். கல்யாணம், காதுகுத்து எதுவும் வேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு குடும்பத்துக்கு முறை வரும். தனித்தனியாகப் பந்தல் போட்டால் செலவு தாங்காது என்று பல பேர் சேர்ந்து போடுவோம். ஒரே பந்தல், ஒரே கறிச்சோறு. மொய் எழுதுகிற மேசை மட்டும் ஆளுக்கு ஒன்று. எங்களோடு சேர்ந்து எட்டுப் பேர். எங்கள் பங்குக்குச் செலவு 22,000. ஃபிளெக்ஸ் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு மற்ற ஏழு வீட்டிலும் ஒப்புக்கொள்ள இரண்டு வாரம் ஆனது. ஆட்டுக்கறி மட்டும் குறையக் கூடாது. தூரத்திலிருந்து வருபவர்கள் நிறைந்து சாப்பிட வேண்டும்.

மேசையில் மகள் உட்கார்ந்து எழுதினாள். பக்கத்தில் 2019 நோட்டை விரித்து நான். பழைய நடை எவ்வளவு, புது நடை எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். நாம் முன்பு அவர்களுக்குச் செய்தது பழைய நடை. அதற்கு மேல் அவர்கள் சேர்த்துப் போடுவது புது நடை, நாளைக்கு நாம் திருப்ப வேண்டியது. வட்டி கிடையாது. பத்திரம் கிடையாது. ஆனால் ஊர் அறிய எழுதிய கணக்கு, யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

தெற்குத் தெரு அப்பத்தா தடியூன்றி வந்து 500 ரூபாய் கொடுத்தார். 2021-இல் அவர் பேத்தி காதுகுத்துக்கு நாங்கள் செய்தது 500. மேலே ஒரு ரூபாய் இல்லை. மொய்யில் அதற்கு அர்த்தம் எல்லாருக்கும் தெரியும். கணக்கை முடித்துக்கொள்கிறார். "இனி எனக்கு என்ன விசேசம் இருக்கு, ஒனக்குப் பாக்கி வச்சுட்டுப் போகவா?" என்றார். எழுத மகளுக்குக் கை வரவில்லை. நான்தான் எழுதச் சொன்னேன். அவர் நினைத்ததை நாம் மாற்றக் கூடாது. சாப்பிட வைத்து, மகனைக் கூட அனுப்பி வீட்டில் விட்டு வரச் சொன்னேன்.

மொத்தம் 2,18,000. இதைப் பார்த்தால் லாபம் மாதிரி தெரியும். இது ஐந்து வருடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த வட்டியில்லாக் கடன். இந்தப் பணத்தில் வீட்டுக்கு டைல்ஸ் போட்டவர்களையும், பைக் வாங்கியவர்களையும், பிறகு மொய் திருப்ப வட்டிக்கு வாங்கி அலைபவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊரைத் தாங்குகிற வழக்கம் ஊரை அழுத்தவும் செய்யும். அதை மறைத்து எழுத எனக்கு மனமில்லை. நாங்கள் பேசி முடிவு செய்தது இது: கடைத்தெருவில் சின்னதாக ஒரு கடைக்கு அட்வான்ஸ் 50,000. பழைய ஓவர்லாக் மிஷின் ஒன்று. குழுக்கடனில் மீதி இருப்பதை அடைத்துவிடுவது. 80,000 கூட்டுறவுச் சங்கத்தில் டெபாசிட், மொய் திருப்ப மட்டும்.

நவம்பர் 9

தீபாவளித் தையல் நன்றாக ஓடியது, முதல்முறையாகச் சொந்தக் கடையில். அது முடிந்த கையோடு மகனுக்கு டெங்கு. புதுக்கோட்டை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருத்துவத்துக்குச் செலவில்லை. ஆனால் கூட இருப்பவர் சாப்பாடு, பஸ், இளநீர், பழம், கடை பூட்டிக்கிடந்த நாட்கள், எல்லாம் கூட்டினால் மருந்துக்கென்று வைத்த 8,000-ஐத் தாண்டிவிட்டது.

டெபாசிட்டை உடைக்கலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். குழுவில் அவசரக் கடனாக 5,000 அன்றைக்கே கொடுத்தார்கள். எனக்காகக் கையெழுத்துப் போட்டவள் ஜூனில் தவணை கட்ட முடியாமல் நின்ற அதே பெண். எதிர்வீட்டு அத்தாச்சி என் பூ ஆர்டரையும் சேர்த்துக் கட்டிக் கொடுத்து, கூலியைக் கடைக்காரரிடம் என் பேரில் நிறுத்தி வைத்திருக்கிறார். "ஒரு ராத்திரி தூங்காட்டி எனக்கு ஒண்ணும் ஆயிராது, நீ பிள்ளையப் பாரு" என்கிறார். வீடு திரும்பிய அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ரசம், துவையல், சோறு. மகள் தன் நோட்டிலிருந்து 1,500 எடுத்து நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். என் நோட்டில் அவளுக்குக் கடன் என்று எழுதியதைப் பார்த்துக் கோபப்பட்டாள். எழுதத்தான் வேண்டும் என்றேன்.

டிசம்பர் 29

வருடக் கணக்குப் பார்த்தேன். மளிகையில் 4,000 கூடிவிட்டது, துணியில் 3,500 மிச்சம். அத்தாச்சியின் புளிப்பணம் சித்திரையிலேயே வந்துவிட்டது. மகளுக்கு 1,500 திருப்பியாகிவிட்டது. குழுவின் அவசரக் கடனில் இன்னும் 2,000 இருக்கிறது, தையில் கட்டிவிடலாம்.

வருகிற வருடத்துக்குக் கடை வாடகை புதிதாகச் சேர்கிறது. மகன் பத்தாவது, டியூஷன் கேட்கிறான். வரிசையில் கல்லூரி முடித்த பிள்ளை ஒருத்தி கணக்குப் பாடம் எடுப்பதாகச் சொல்கிறாள். அதற்குப் பதிலாக அவள் வீட்டு ஜாக்கெட் எல்லாம் அவர் தைத்துக் கொடுப்பார்.

மொய் வரியில் 25,000-ஐ 32,000 ஆக்கினேன். ஆடியில் பதினொரு வீட்டு முறை வருகிறது. பெயர்களைத் தனித்தாளில் எழுதி அவர் கடைக்குக் கொடுத்தனுப்பினேன். அப்பத்தா பெயர் அந்தத் தாளில் இல்லை. பொங்கலுக்கு அவருக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பதாக இருக்கிறோம். அதைத் துணிச் செலவில் எழுதியிருக்கிறேன், மொய்க் கணக்கில் இல்லை.