உள்ளங்கையில் ஒரு கார்

டோக்கியோவிலிருந்து மேற்கே போகும் புல்லட் ரயில்களில் 'நொஸோமி' என்று ஒரு ரகம். வேகத்தில் ராஜா. ஆனால் ஷிஸுவோகா என்ற ஊரை அது மதிப்பதே இல்லை. நிற்காமல் சர்ரென்று போய்விடும். 'ஹிகாரி'யில் ஏறினால் ஒரு மணி நேரம். (எல்லா ஹிகாரியும் நிற்காது, பார்த்து ஏறவும்!) வலப்பக்க ஜன்னல் ஸீட் கிடைத்து, மேகமும் மனசு வைத்தால் வழியில் ஃப்யூஜி மலை தெரியும். எனக்கு ஸீட் கிடைத்தது. மேகம் மனசு வைக்கவில்லை.

ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் டோக்கியோவில் இருந்த சமயம் அது. 2024 மே மாதம். எங்கள் செக்‌ஷன் தலைவருக்கு வயது 58. ஜப்பான் ஆபீஸ்களில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிடப் பதவியைச் சொல்லிக் கூப்பிடுவதுதான் வழக்கம். அவர் 'காச்சோ'. அதாவது செக்‌ஷன் தலைவர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டார்.

"நாளைக்கு என்ன செய்யப் போறீங்க?"

"தூங்கப் போறேன், ஸார்."

"அது ஞாயித்துக்கிழமை வேலை. நாளைக்கு என்கூட வாங்க. கார் காட்டறேன்."

டொயோட்டா தொழிற்சாலைக்குத்தான் அழைத்துப் போகிறார் என்று நம்பி ஏறினேன். அவர் காட்டிய கார்களில் மிகப் பெரியது என் முழங்கை நீளம்கூட இல்லை!

ஷிஸுவோகா, டீக்குப் பேர் போன ஊர். இந்த ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. ஜப்பானின் பிளாஸ்டிக் மாடல் கம்பெனிகளில் பெரிய தலைகள் எல்லாம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன. டாமியா, ஆவோஷிமா, ஃப்யூஜிமி, பக்கத்து ஊரில் ஹாசெகாவா. நகரசபைக்கும் இதில் ஏக கர்வம். 2021-லிருந்து தெருக்களில் ஆளுயர நினைவுச் சின்னங்கள் வைத்து வருகிறார்கள். தலைவர்கள் சிலை இல்லை ஸார்! தபால் பெட்டி, டெலிபோன் பூத் போன்ற சாமான்களை அக்கக்காகப் பிரித்து, மாடல் பெட்டிக்குள் வருகிற மாதிரியே ஒரு சட்டத்தில் மாட்டி நிற்க வைத்திருக்கிறார்கள். பெரிய கத்தரிக்கோல் ஒன்று கிடைத்தால் வெட்டி எடுத்து ஒட்டிவிடலாம் போலிருக்கிறது.

ஏன் இந்த ஊரில்? காச்சோ ரயிலிலேயே சொல்லிவிட்டார். 17-ஆம் நூற்றாண்டில் இங்கே ஸெங்கென் கோயில் திருப்பணிக்காகப் பல ஊர்களிலிருந்து தச்சர்களும் அரக்கு வேலைக்காரர்களும் வந்தார்களாம். வேலை முடிந்த பிறகும் நிறையப் பேர் ஊருக்குத் திரும்பவில்லை. டீ நன்றாயிருந்ததோ என்னவோ! அந்தக் கைகளின் வாரிசுகள் மர மாடல் செய்ய ஆரம்பித்தார்கள். டாமியா 1946-ல் தொடங்கியபோது மரம் அறுக்கும் கம்பெனி. 1951-ல் தீ விபத்து, மரமெல்லாம் போயிற்று. அதன் பிறகு மர மாடல்களிலேயே முழுக் கவனம். அப்புறம் அமெரிக்காவிலிருந்து பிளாஸ்டிக் மாடல்கள் வந்து மரத்தை ஓரங்கட்டின. 1960-ல் அவர்களும் பிளாஸ்டிக்கில் 'யமாட்டோ' போர்க் கப்பலைச் செய்தார்கள். அது போட்ட காசை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் வந்த ஒரு டாங்கிதான் கம்பெனியைக் காப்பாற்றியது. 1967-ல் ஹோண்டாவின் ஃபார்முலா ஒன் ரேஸ் காரைப் பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் செய்து கார் பைத்தியங்களையும் வளைத்துப் போட்டார்கள்.

அந்தக் கம்பெனியைப் பல காலம் நடத்தியவர் ஷுன்ஸாகு டாமியா. 2025-ல் தம் 90-வது வயதில் காலமானார். எழுபதுகளில் போர்ஷே மாடல் ஒன்று செய்ய நினைத்தபோது, நிஜ போர்ஷே 911 ஒன்றையே விலைக்கு வாங்கினார்கள். நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஓட்டுவோம். அவர்கள் அதைக் கழற்றினார்கள்! அளவு எடுத்து முடித்த பின் திரும்ப மாட்டுவதற்கு போர்ஷே ஆட்களின் உதவி தேவைப்பட்டதாம். மாடல் 1976-ல் வந்து சக்கைப்போடு போட்டது.

*

ஷிஸுவோகா ஹாபி ஷோ ஒவ்வொரு மே மாதமும் 'ட்வின் மெஸ்ஸே' என்ற கண்காட்சி மண்டபத்தில் நடக்கிறது. முதல் நாட்கள் வியாபாரிகளுக்கு. சனி, ஞாயிறு பொதுஜனங்களுக்கு. கம்பெனி ஸ்டால்களில் புது மாடல்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளக்கும். ஆனால் காச்சோ அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பக்கத்து ஹாலுக்கு இழுத்துப் போனார்.

அங்கே கம்பெனி இல்லை, வியாபாரம் இல்லை. ஜப்பான் முழுவதிலுமிருந்து வந்த மாடல் கிளப்புகள் நூற்றுக்கணக்கில் மேஜை போட்டு, வீட்டில் உட்கார்ந்து செய்ததைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். 1990-லிருந்து நடக்கிறது இந்தக் கூட்டுக் கண்காட்சி. பாங்க் ஆசாமி, பஸ் டிரைவர், பல் டாக்டர், ரிடையரான வாத்தியார். எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து நடக்கிறார்கள். தொடக்கூடாது என்பது சட்டம். அத்தனை கூட்டத்திலும் ஒருத்தர் கை நீளவில்லை.

பாதிப் பேர் கார் பிரியர்கள் கிடைத்தால் போதும் என்று மேஜைக்கு மேஜை விளக்கம் சொல்கிறார்கள். காச்சோ எனக்காக மொழிபெயர்த்தார். நான் புரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

கார் மாடல்களில் பிரபலமான அளவு இருபத்து நாலில் ஒரு பங்கு. அதென்ன 24? ஓர் அடிக்கு 24 அரை அங்குலம். நிஜ காரில் ஓர் அடி என்றால் மாடலில் அரை அங்குலம். அவ்வளவுதான் கணக்கு. மூன்று மீட்டர் கார் பன்னிரண்டரை சென்டிமீட்டராகி உள்ளங்கையில் உட்காரும்.

பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. ஜன்னல் கம்பி மாதிரி பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும். அதில் பாகங்கள் காய்த்துத் தொங்கும். கட்டிங் பிளையர் வைத்து வெட்ட வேண்டும், இரண்டு தவணையாக. முதலில் பாகத்தை விட்டுத் தள்ளி, பிறகு ஒட்டி. ஒரே வெட்டாக வெட்டினால் அந்த இடம் வெளுத்துக் குழி விழும்.

ஒட்டும் திரவம் நம்ம ஊர் கோந்து மாதிரி நடுவில் நின்று பிடித்துக்கொள்வதில்லை. பிளாஸ்டிக்கையே லேசாகக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். காய்ந்தபின் இரண்டு துண்டு என்பதே கிடையாது. (கல்யாணம் மாதிரி என்றார் ஒருவர். பக்கத்தில் அவர் மனைவி நின்றிருந்தார்.) கார் கண்ணாடிக்கு மட்டும் சூப்பர் க்ளூ பக்கத்திலேயே வரக்கூடாது. அதன் ஆவி பட்டால் கண்ணாடி பனி படர்ந்தாற்போல் மங்கிவிடும்.

பெயிண்ட்தான் உயிர். மழை நாளில் ஸ்ப்ரே அடித்தால் காற்றின் ஈரம் புகுந்து பால் ஊற்றியது போல் வெளுக்கும். ஜப்பானில் ஜூன் மாதம் மழைக்காலம். அதனால் மே முடிவதற்குள் பாடிக்குப் பெயிண்ட் அடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். நம்மூர் விவசாயி மழைக்கு ஏங்குவதற்கு நேர் எதிர்! பிறகு 2000 நம்பர் உப்புத்தாளை ஈரமாக்கித் தேய்ப்பது, பாலீஷ் போடுவது. முகம் தெரிகிற வரைக்கும்.

ஓர் இளைஞர், ஆபீஸ் போகிறவர்தான், ஸீட் மேல் தையல் கோடுகளை மூன்று முடி பிரஷ்ஷால் போட்டிருந்தார். மேற்கூரையை ஒட்டிவிட்டால் ஒன்றும் தெரியாது.

"மூடிட்டா யார் பார்க்கப் போறாங்க?" என்றேன்.

"மூடற வரைக்கும் நான் பார்க்கறேனே!" என்றார்.

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. காலை ஒன்பதிலிருந்து ராத்திரி எட்டு வரை கம்ப்யூட்டரில் தட்டுகிறோம். வீட்டுக்குப் போய் 'இன்றைக்கு இதைச் செய்தேன்' என்று கையில் எடுத்துக் காட்ட என்ன இருக்கிறது? அந்த இளைஞருக்கு ஒரு ஸீட்டாவது இருக்கிறது.

*

காச்சோவின் கிளப் மேஜையில் அவர் பெயர்ச் சீட்டு இருந்தது. அதன் பின்னால் இடம் காலி. கேட்டால், "இன்னும் பாஸாகலே" என்றார்.

"யார் பாஸ் போடணும்?"

"என் அம்மா."

மறுநாள் அதற்கான பரீட்சைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஷிஸுவோகாவிலிருந்து சாதாரண ரயிலில் கால் மணி நேரத்துக்குள் யாய்ஸு. மீன்பிடித் துறைமுகம். சூரையும் டூனாவும் இறங்குகிற இடம். சூரையை வேகவைத்துப் புகை போட்டு உலர்த்திக் கட்டை மாதிரி ஆக்குகிறார்கள். 'கட்ஸுவோபுஷி' என்று பேர். முகர்ந்தவுடன் தெரிந்துவிட்டது. நம்ம மாசிக் கருவாட்டுக்குப் பெரியப்பா பிள்ளை!

காச்சோவின் அப்பா அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1968-ல் சுபாரு 360 கார் வாங்கினார். ஜப்பானில் சாமானியனைக் காரில் உட்கார வைத்த வண்டி அது. 356 சி.சி. என்ஜின், அதுவும் பின்னால். மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவான நீளம். நாலு பேர் மடங்கி உட்காரலாம். உருவத்தைப் பார்த்து ஜனங்கள் 'புள்ளி வண்டு' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். 1958-லிருந்து 1971 வரை வந்தது. காச்சோவுக்கு எட்டு வயதாகும்போது அப்பா அதை விற்றுவிட்டார். இப்போது அப்பாவும் இல்லை. வீட்டில் இருப்பது காருடன் எடுத்த ஒரே ஒரு போட்டோ. அதுவும் கறுப்பு வெள்ளை.

இந்தக் காரை 24-ல் ஒரு பங்கில் செய்து விற்கும் ஹாசெகாவா கம்பெனி, அதே யாய்ஸுவில்தான் இருக்கிறது. பெட்டி கிடைத்துவிட்டது. என்ன நிறம் அடிப்பது? அதுதான் கேள்வி.

"க்ரீம் கலர்னு எனக்கு நல்லா ஞாபகம்" என்றார் காச்சோ. முதல் காரை க்ரீமில் முடித்து எடுத்துப் போனார். அம்மா பார்த்துவிட்டு, "இது அடுத்த வீட்டுக்காரர் கார்" என்று சொல்லிவிட்டார்! நம்ம கார் வெளிர் பச்சை என்றார். இரண்டாவதாக ஒரு பெட்டி வாங்கி, பழைய நிறப் பட்டியல்களோடு ஒப்பிட்டுக் கச்சிதமாகப் பச்சை கலந்து அடித்தார். "இவ்வளவு அழுத்தமா இருக்காது" என்று அதுவும் ஃபெயில்.

இதற்குக் காரணம் கிளப்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. பெரிய பரப்பில் இருக்கிற நிறத்தை அப்படியே சின்னப் பொருளுக்கு அடித்தால் கண்ணுக்கு அழுத்தமாகத் தெரியும். அதனால் கொஞ்சம் வெள்ளை சேர்க்க வேண்டும். போதாததற்கு, துறைமுகத்து வெயிலிலும் உப்புக் காற்றிலும் ஆறு வருஷம் நின்ற கார்.

"அம்மாவுக்கு 84. அந்தக் கலர் இப்ப உலகத்திலே அவங்க ஒருத்தர் மனசிலேதான் இருக்கு. அவங்களுக்கு மறந்துட்டா, கேக்க ஆள் கிடையாது" என்றார் காச்சோ, ரயில் ஜன்னலைப் பார்த்தபடி. ஆபீஸில் அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அந்த அம்மா சின்ன உருவம். எங்களுக்கு டீ ஊற்றிவிட்டு, மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். காச்சோ டப்பாவைத் திறந்து மூன்றாவது காரை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். ஆபீஸில் டைரக்டரிடம் ரிப்போர்ட் கொடுக்கும்போதுகூட அவருக்கு அந்த பயம் கிடையாது.

அம்மா காரை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். வெளிச்சத்தில் திருப்பினார். மேகம் விலகட்டும் என்று கொஞ்சம் காத்திருந்தார். பிறகு சொன்னதை காச்சோ உடனே எனக்கு மொழிபெயர்க்கவில்லை. சற்றுப் பொறுத்துத்தான் சொன்னார்.

"இதுதான், அப்பா கார்."

அம்மா விரல் நுனியால் இடப்பக்கக் கதவைத் தொட்டுக் காட்டினார். அந்தக் காரில் கதவின் கீல் பின்பக்கம் இருக்கும். முன்னாலிருந்து திறக்கும். "இந்த ஸீட்டிலேதான் உன்னை மடியிலே வெச்சுண்டு உக்காருவேன். காத்து அடிச்சா கதவு கையிலேர்ந்து பிச்சுக்கும். அப்பா கத்துவார்." பிறகு காரை மூக்கருகே கொண்டுபோய், "எல்லாம் சரி. மாசி வாசனைதான் இல்லை!" என்று சிரித்தார். அப்பா தொழிற்சாலையிலிருந்து நேரே வந்து ஏறுவாராம். கார் பூரா அதே நாற்றமாம்.

காச்சோ பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். மூன்று முறையும் எந்தப் பெயிண்ட் எத்தனை சொட்டு என்று அதில் எழுதி வைத்திருந்தார். முதல் இரண்டையும் அடித்துவிட்டு மூன்றாவதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் தேதியும் எழுதினார்.

கார் கண்காட்சி மேஜைக்குப் போகவில்லை. அந்த அம்மா திருப்பித் தரவில்லை!

*

திரும்பும் வழியில் ஷிஸுவோகா ஸ்டேஷன் பக்கத்தில் நானும் ஒரு பெட்டி வாங்கினேன். 3,000 யென். அன்றைய கணக்கில் சுமார் 1,600 ரூபாய். நம்ம ஊரில் இறக்குமதிச் சரக்கு என்பதால் விலை கூடும். ஆசைப்படும் நண்பர்களுக்குச் சில குறிப்புகள். நல்ல கட்டிங் பிளையர், சின்னக் கத்தி, இடுக்கி, உப்புத்தாள், ஒட்டும் திரவம். ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். பெயிண்ட் அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து மாஸ்க் போடுங்கள். முதல் காராக ஆயிரம் பாகம் உள்ள ரேஸ் காரைத் தொடாதீர்கள். உங்கள் வீட்டில் யாராவது ஏறி உட்கார்ந்த கார், அல்லது உட்கார ஆசைப்பட்ட காரைத் தேடிப் பாருங்கள். அதன் நிறத்தை மறக்காமல் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இப்போதே.

என் கார் இப்போது ஸீட் வரைக்கும் வந்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்திருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு மணி நேரமா என்ன பண்றீங்க?"

"டிரைவர் ஸீட்டுக்குத் தையல் போடறேன்."

"உங்க நீலச் சட்டையிலே பட்டன் பிஞ்சு ரெண்டு வாரம் ஆச்சு. அதுக்கும் சேத்து ஒரு தையல் போட்டுடுங்க!"