ஹேலிக் காடு: கொஞ்சம் கோபம், நிறைய சேறு

காடுன்னு சொன்னா நமக்கு மனசுல வர்றது வேற. யானை வரணும், செக்போஸ்ட் இருக்கணும், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உள்ளே விடமாட்டேன்னு ஒருத்தர் விசில் ஊதணும். இங்கிலாந்தில் காடுன்னு இவங்க கூட்டிட்டுப் போய்க் காட்டினதைப் பார்த்து முதல்ல எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. கோதுமை வயலுக்கு நடுவுல, யாரோ மறந்து விட்டுட்டுப் போன மாதிரி ஒரு திட்டு மரம். மொத்தமே 50 ஹெக்டேர் சொச்சம். இதுக்கு ஒரு பேரு, ஒரு கேட்டு, ஒரு அறிவிப்புப் பலகை!

ஹேலிக் காடு கேம்பிரிட்ஜிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர் இருக்கும். லாங்ஸ்டோன்னு ஒரு ஊர், லிட்டில் கிரான்ஸ்டென்னு இன்னொரு ஊர், ரெண்டுக்கும் நடுவே மேட்டுல ஒரு பெரிய தண்ணி டேங்க். அதுதான் அடையாளம். அங்கே காரை நிறுத்திட்டு, வேலியோரமா வயல் வழியா நடக்கணும். பார்க்கத் தட்டையான பூமி. ஆனா மேட்டு நிலம், அதனால வானம் ரொம்பப் பெரிசா தெரியும். மே மாசத்துல போனா ரேப் பயிர் கண்ணு கூசுற மஞ்சளா இருக்கும் (எண்ணெய்க்காகப் போடுறது, நம்ம கடுகுக்குச் சொந்தக்காரன்). தலைக்கு மேல எங்கேயோ ஒரு வானம்பாடி கத்திட்டே இருக்கும், கண்ணுல மட்டும் படாது.

நாங்க முதல்ல போனது 2008 ஏப்ரல்ல. ஆபீஸ்ல ஒருத்தர், ஆக்ஸ்லிப் பூ பார்க்கணும்னா அங்கே போ, இப்பவே போன்னு சொல்லி அனுப்பினார். ஆக்ஸ்லிப் வெளிர் மஞ்சள் பூ. ஒரே தண்டுல கொத்தா, எல்லாம் ஒரே பக்கமாத் தலை சாய்ச்சுத் தொங்கும். இங்கிலாந்துல கேம்பிரிட்ஜ்ஷையர், சஃபோல்க், எஸெக்ஸ் மூணும் சேர்ற மூலைல இருக்கிற பழைய காடுகளைத் தாண்டினா அதைப் பார்க்கிறது கஷ்டம். அதெல்லாம் அப்புறம் தெரிஞ்சுகிட்டது. அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சேறுதான். பனியுகத்துல பனிப்பாறை அரைச்சுப் போட்டுட்டுப் போன களிமண் அது. ஷூல ஒட்டினா விடாது. பத்து அடி நடந்தா காலுக்கு ரெண்டு கிலோ கூடும். தங்கமணி, "என்னங்க, பூ பார்க்கத்தானே கூட்டிட்டு வந்தீங்க, நாத்து நட இல்லையே?"ன்னு கேட்டாங்க. பதில் இல்லை என்கிட்ட.

உள்ளே கொஞ்ச தூரம் போனதும் திடீர்னு வெளிச்சம். பார்த்தா ஒரு பெரிய சதுரம் முழுக்க வெட்டிச் சாய்ச்சிருக்காங்க. தரையோட தரையாக் கட்டைகள். அங்கங்கே ஒண்ணு ரெண்டு ஓக் மரம் மட்டும் தனியா நிக்குது. ஓரத்துல சுள்ளிக் குவியல். எனக்கு வந்த கோபம் இருக்கே! நாட்டுல மிச்சமிருக்கிறதே இந்தக் குட்டித் திட்டுக்காடு, அதுலயும் கை வெச்சுட்டாங்களேன்னு. அங்கே ஒரு பெரியவர், எழுபது வயசுக்கு மேல இருக்கும், வேலிக் கம்பியைச் சரி பண்ணிட்டிருந்தார். நேராப் போய்க் கேட்டுட்டேன். இது பாதுகாக்கப்பட்ட காடுன்னு வாசல்ல போர்டு வெச்சிருக்கீங்க, உள்ளே இப்படி வெட்டிப் போட்டிருக்கீங்களே, யாரும் கேட்க மாட்டாங்களான்னு. கொஞ்சம் சத்தமாவே கேட்டேன்னு தங்கமணி இன்னிக்கும் சொல்லுவாங்க.

அவர் கோவிச்சுக்கலை. கையுறையைக் கழட்டினார். ஒரு கட்டைகிட்ட குனிஞ்சு, அதுல பட்டாணி சைஸ்ல தெரிஞ்ச மொட்டு ஒண்ணைக் காட்டினார். "மூணாவது வசந்தத்துல இதே இடத்துக்கு வாங்க, அப்புறம் திட்டுங்க"ன்னார்.

திரும்பி வர்றப்ப கார்ல எனக்குச் சட்டுன்னு பொறி தட்டிச்சு. இது மறுதாம்பு! கரும்பு வெட்டினப்புறம் கட்டையை விட்டுட்டா அதுலேர்ந்தே அடுத்த பயிர் வருமே, அதேதான். தாத்தா வயல்ல பார்த்து வளர்ந்தவன் நான், எனக்கு இது உடனே புரிஞ்சிருக்க வேண்டாமோ? கரும்பு வெட்டுறவர்கிட்டப் போய் ஐயோ கரும்பைக் கொன்னுட்டீங்களேன்னு யாராச்சும் சண்டை போடுவாங்களா?

அப்புறம் பழைய புத்தகக் கடையில் ஆலிவர் ராக்கம் எழுதின ஹேலிக் காடு புத்தகம் கிடைச்சுது. 1975-ல் வந்தது. கேம்பிரிட்ஜ் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரிக்காரர். இந்த ஒரு சின்னக் காட்டைப் பல வருஷம் சுத்திச் சுத்தி வந்து பார்த்து எழுதியிருக்கார். 1251-ல் ஈலி பிஷப்போட சொத்துக் கணக்குல இந்தக் காடு ஹேலின்னு பேர் போட்டு, 80 ஏக்கர்னு பதிவாயிருக்கு. அதாவது அன்னிக்கும் இது மறந்து விட்டுட்டுப் போன திட்டு இல்லை, கணக்கு எழுதி வெச்ச சொத்து. ஹேசலையும் ஆஷையும் சில வருஷத்துக்கு ஒருதரம் தரையோட வெட்டுவாங்க. வேலி, விறகு, மண்சுவருக்கு உள்ளே வைக்கிற பின்னல், கூரைக்குக் குச்சி, எல்லாம் அதுலேர்ந்து. ஓக்கை மட்டும் வீடு கட்ட உத்தரத்துக்காக வளர விடுவாங்க. புதுத் துளிரை மாடு மேஞ்சுடக் கூடாதுன்னு காட்டைச் சுத்திக் கரையும் பள்ளமும் எடுத்திருக்காங்க. அந்தக் கரை இன்னும் இருக்கு, வளைஞ்சு நெளிஞ்சு போகும். அது மேல நின்னு பார்த்தா ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் கோதுமை.

வெட்டுறது நின்னு போனதுதான் காட்டுக்குக் கெடுதலா போச்சாம். இருபதாம் நூற்றாண்டுல விறகும் பின்னலும் யாருக்கும் வேண்டாம்னு ஆச்சு. மேல மூடிக்கிச்சு, கீழே பூ குறைஞ்சுது. 1962-ல் உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் அறக்கட்டளை ஒண்ணு காட்டை விலைக்கு வாங்கி, அப்புறம் பழையபடி பகுதி பகுதியா வெட்ட ஆரம்பிச்சாங்க. நான் சண்டை போட்டது அதுக்குத்தான். :-)

2010-ல் சொன்ன சொல் தவறாம மூணாவது வசந்தத்துல போனோம். என்னத்தைச் சொல்ல. அந்தச் சதுரம் முழுக்க ஆக்ஸ்லிப். கால் வைக்க இடம் பார்க்க வேண்டியிருந்துச்சு. நடு நடுவே வெள்ளையா காட்டு அனிமோன், ஊதா வயலெட். வெட்டின கட்டைலேர்ந்து ஹேசல் என் உசரத்துக்கு மேல போயிருந்துச்சு. வேலிக்கு வெளியே பார்த்தா பூ ரொம்பக் குறைச்சல். மான் தின்னுடுது. பெரிய மான் ஒரு பக்கம்னா, சீனாவிலேர்ந்து கொண்டுவந்து வோபர்ன் பங்களாப் பூங்காவுல விட்டு அங்கேர்ந்து பரவின மன்ட்ஜாக், நாய் சைஸ் மான், அது இன்னொரு பக்கம். பெரியவர் வேலி கட்டினது எதுக்குன்னு அப்பத்தான் புரிஞ்சுது. அவரைத் தேடினேன், மன்னிப்பு கேட்க. அன்னிக்கு இல்லை.

அடுத்த ஜனவரி ஒரு ஞாயித்துக்கிழமை நானே வேலைக்குப் போனேன். அவர் இருந்தார். மன்னிப்பு கேட்டதுக்கு ஒரு பில்ஹூக்கைக் கையில கொடுத்தார். பேருதான் வேற, சாமான் நம்ம வெட்டருவா. தாழ வெட்டு, சாய்ச்சு வெட்டு, கட்டை மேல தண்ணி நிக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு தரமும் சொல்லுவார். ஒரு நாள் முழுக்க வெட்டி நான் சாய்ச்சது மூணு புதர். அவர் பதினொண்ணு. எண்ணினேன், வெட்கமா இருந்துச்சு. ஃப்ளாஸ்க்ல டீ, ரெண்டு பிஸ்கட், நெருப்புப் பக்கத்துல உட்கார்ந்து பேச்சு. காட்டோட வடக்கு ஓரமா ஒரு ரயில் பாதை போச்சாம், பெட்ஃபோர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும். 1862-ல் திறந்தது, 1967 கடைசியோட பயணிகள் ரயில் நின்னு போச்சு. அந்தத் தண்டவாளம் போன பாதையிலேயே கேம்பிரிட்ஜ் பக்கம் லார்ட்ஸ் பிரிட்ஜ்ல ரேடியோ தொலைநோக்கியை நகர்த்தி நகர்த்தி வெச்சு வானத்தைப் பார்த்தாங்க. (இது தனிக்கதை, விட்டா ரயில்லயே போயிடுவேன்.)

ஒரு நாள் அவர் என்னை ஒரு ஆஷ் கட்டைகிட்டக் கூட்டிட்டுப் போனார். நாலு பேர் கை கோத்தாலும் எட்டுமான்னு தெரியாது. நடுவுல பொக்கை, சுத்தி வட்டமா தண்டுகள். வெட்ட வெட்ட வெளிப்பக்கமாவே துளிர்த்து அகலமாயிட்டே போகுமாம். சஃபோல்க்ல பிராட்ஃபீல்ட் காடுகள்ல ஐந்து மீட்டருக்கு மேல அகலமான ஆஷ் கட்டை ஒண்ணு இருக்கு, அதுக்குக் குறைஞ்சது ஆயிரம் வயசுன்னு ராக்கம் கணக்குப் போட்டிருக்கார். இது அவ்வளவு இல்லை, ஆனா என் தாத்தாவோட தாத்தாவுக்கு மூத்தது. "இதை நானே ரெண்டு தடவை வெட்டியிருக்கேன்"ன்னார் பெரியவர். ரெண்டாவது தடவை சொல்றப்ப கொஞ்சம் பெருமை.

2012-ல் செய்தி வந்துச்சு. பிப்ரவரில பக்கிங்ஹாம்ஷையர்ல ஒரு நாத்துப்பண்ணையில், வெளிநாட்டுலேர்ந்து வாங்கின ஆஷ் கன்னுல பூஞ்சை. அந்த வருஷம் அக்டோபர்ல நார்ஃபோல்க் காட்டுல, யாரும் நடாம தானா வளர்ந்த மரத்துலயே கண்டுபிடிச்சாங்க. கிழக்காசியாவுலேர்ந்து வந்த பூஞ்சை அது. அங்கே இருக்கிற ஆஷுக்கு அதனால பெரிசா ஒண்ணும் ஆகாது, இங்கே இருக்கிறதுக்குப் பழக்கமில்லை. இலை கருகும், பட்டையில சாய்சதுரமா கறுப்பு விழும், கிளை நுனியிலேர்ந்து காயும். காத்துல பரவுறது, வேலி போட்டா நிக்காது. ராக்கம் 2014-ல் ஆஷ் மரத்தைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதினார். 2015 பிப்ரவரில காலமாயிட்டார்.

இதுல கொடுமை என்னன்னா, பெரியவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த வைத்தியமே இதுக்கு ஆகலை. எதுன்னாலும் வெட்டு, புதுசா வரும்னு நம்பிட்டிருந்தேன். ஆனா நோய் வந்த ஆஷை வெட்டினா வர்ற இளந்துளிரைத்தான் பூஞ்சை முதல்ல பிடிக்குது. வெட்டலாமா விடலாமான்னு கட்டைக்குக் கட்டை யோசிக்க வேண்டியிருக்கு. பாதையோரத்துல, ஆள் தலைல விழும்னு இருக்கிற மரத்தை எடுத்துத்தான் ஆகணும். மத்தது இருக்கட்டும்னு விடுறாங்க. சிலது தாங்கும், அதோட விதை தாங்கும்னு ஒரு நம்பிக்கை.

2019 நவம்பர்ல அந்தப் பெரிய கட்டையைப் பார்க்கத் தனியாப் போனேன். பார்த்துட்டுத் திரும்புறப்ப வழி தப்பிடுச்சு. 50 ஹெக்டேர்ல! நாலு மணிக்கே இருட்டு. எந்தப் பக்கம் போனாலும் அதே ஹேசல், அதே சேறு. போன்ல சார்ஜ் இல்லை. எங்கேயோ ஆந்தை அலறுது. வெட்கத்தை விட்டுச் சொல்றேன், பயந்துட்டேன். கடைசில கால் இடறி ஒரு மேட்டுல விழுந்தேன். அது அந்தக் கரை. பிஷப் காலத்துக் கரை. அதைப் பிடிச்சுட்டே நடந்து வெளியே வந்தேன். தண்ணி டேங்க் கிட்ட வர்றதுக்குள்ள முழங்கால் வரைக்கும் களிமண். வீட்டுல தங்கமணி ஒண்ணும் கேட்கலை, வாளியை மட்டும் வாசல்ல வெச்சாங்க.

பெரியவர் இப்போ வர்றதில்லை. முழங்கால் முடியலைன்னு மகள் வீட்டுப் பக்கம் போயிட்டார். கிறிஸ்துமஸ் கார்டு வரும். அதுல காட்டைப் பத்திக் கேட்பார், அந்தக் கட்டையைப் பத்திக் கேட்க மாட்டார். நானா எழுதுவேன்.

போன ஜூன்ல போய் எண்ணினேன். உயிரோட ஒன்பது தண்டு. ஆறுல இலை நல்லா இருக்கு. ரெண்டுல நுனி காய்ஞ்சிருக்கு. ஒண்ணுல பட்டையில கறுப்பு விழுந்திருக்கு, உள்ளங்கை அகலத்துக்கு. கட்டையோட பொக்கைக்குள்ள மண்ணு சேர்ந்து, அதுல ஒரே ஒரு ஆக்ஸ்லிப் செடி, பூ முடிஞ்சு விதைப்பையோட. மானுக்கு எட்டாத உசரத்துல இருக்கிறதால தப்பிச்சிருக்கு போல.

இதை இன்னும் அவருக்கு எழுதலை. ஆறுன்னு எழுதவா, ஒன்பதுன்னு எழுதவான்னு யோசிச்சிட்டிருக்கேன்.