ஊறட்டும் சார்

ரசம் கொட்டி முழங்கையில ஒரு கொப்புளம். அவ்ளோதான்.
அதுக்குக் கட்டுப் பிரிக்க நான் போட்ட சத்தத்துல வெளிய உட்கார்ந்திருந்த பாட்டியே எட்டிப் பார்த்தாங்க. வீரத்தமிழன்!

ஒட்டிக்கிட்ட காஸ் துணி மேல சலைனை ஊத்திட்டு சிஸ்டர் சும்மா நின்னாங்க.
"ஊறட்டும் சார். இழுத்தா புதுத்தோலும் சேர்ந்து வந்துரும்."

அப்போதான் உறைச்சுது. பாதி உடம்பு வெந்தவங்களுக்கு இது வாரக்கணக்குல நடக்குமே?

வலி மாத்திரைன்னா கட்டுப் பிரிக்க அரை மணி, ஒரு மணி முன்னாடியே குடுக்கணும். பெரிய காயம்னா மார்ஃபின், கீட்டமின்.
மருந்து பிடிக்கறதுக்குள்ள கட்டுல கை வச்சா குடுத்தும் புண்ணியமில்ல.
அப்புறம் பயம். டிரெஸ்ஸிங் வண்டி உருள்ற சத்தத்துக்கே சிலருக்கு நடுக்கம் வந்துரும். "நிறுத்துங்க"ன்னா ஒரு நிமிஷம் நிறுத்துவாங்கன்ற நம்பிக்கையே பாதி மருந்துன்னு எனக்குத் தோணுது.

சியாட்டில்ல ஹண்டர் ஹாஃப்மனும் டேவிட் பேட்டர்சனும் தீக்காய வலிக்குன்னே 'ஸ்னோவேர்ல்ட்'னு, கண்ணுல மாட்டிக்கிட்டு ஆடற ஒரு விஆர் விளையாட்டு செஞ்சாங்க. மருந்தோட சேர்த்து இதுவும்.
இங்க புண்ணைச் சுத்தம் பண்ணுவாங்க. நோயாளி கண்ணுக்குள்ள பனிப் பள்ளத்தாக்கு, பென்குயின் மேல பனிப்பந்து எறிஞ்சிட்டிருப்பாரு. கவனம் அங்க போயிட்டா வலிக்குக் கிடைக்கறது மிச்சம்தான். மூளையை ஸ்கேன் பண்ணப்பவும் வலிக்கான இடங்கள்ல பரபரப்பு குறைஞ்சிருந்துச்சாம்.

நம்மள்ல பனியைப் பார்த்தவங்க எத்தனை பேரு?
குற்றாலத்து அருவியைப் போட்டா வேலை செய்யுமா?
உங்களுக்குன்னா எதைப் போடச் சொல்வீங்க?