சேலைத் தலைப்பும் ஒரு மைக்கும்

எங்கட வளவில் மூன்று வீடு. வாழைச்சேனைப் பக்கம் இது புதினமில்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு வீடு கட்டிக் குடுத்தே வளவு நிறைஞ்சிடும். நடு வீட்டில் அம்மம்மா. நாங்கள் எண்டால் அவவின்ட பேரப்பிள்ளைகள் நாலு பேர். கேம் விளையாடுறதுக்காக மாமரத்தில் கட்டி மூன்று வீட்டுக்கும் லேன் கேபிள் இழுத்து வைத்திருந்தோம். கதைக்கிறதுக்கு டிஸ்கோர்ட்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது. ரவுட்டருக்கு ஒரு சின்ன பெட்டரி போட்டோம். ஏப்ரல் 3ஆம் திகதி ஊரடங்கு. அதோடு பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாத்தையும் அரசு முடக்கியது. பக்கத்து வீட்டுக்கு எடுத்த வட்ஸ்அப் கோல் போகவே இல்லை. அப்பதான் உறைச்சது: கேபிள் எங்கட, ரவுட்டர் எங்கட, ஆனால் கோலைச் சேர்த்து வைக்கிற சேவர் எங்கேயோ வெளிநாட்டில். டிஸ்கோர்டும் அப்படித்தான், இன்டர்நெட் இல்லாமல் வாயே திறக்காது.

இது விளையாட்டுப் பிரச்சினையாக இருந்திருந்தால் அதோடு விட்டிருப்போம். அடுத்த கிழமை ஒரு இரவு அம்மம்மா கிணத்தடியில் வழுக்கி விழுந்தா. பக்கத்து ஜெனரேட்டர் சத்தத்தில் அவ கூப்பிட்டது ஒருத்தருக்கும் கேட்கவில்லை. எலும்பு முறியேல்ல. ஆனால் எவ்வளவு நேரம் அங்க கிடந்தா எண்டு கேட்டால் இண்டைக்கும் சொல்ல மாட்டா.

வீட்டுக்குள்ளேயே சேவர் வைக்கக்கூடிய மென்பொருளைத் தேடினோம். டீம்ஸ்பீக் நல்லதுதான், 32 பேர் வரை சேவர் இலவசம். ஆனால் நாங்கள் எடுத்தது மம்பிள். 2005இல் இருந்து வாற திறந்தமூல மென்பொருள். ஓப்பஸ் கோடெக் எண்டபடியால் குறைஞ்ச வேகத்திலும் குரல் தெளிவு, தாமதமும் குறைவு. திரை உடைஞ்ச பழைய லேப்டொப் ஒன்று சேவராகிவிட்டது. அம்மம்மாவின் தலைமாட்டு போனில் மம்லா எண்ட செயலி.

முதல் நாள் ஒண்டும் வேலை செய்யேல்ல. போன் விருந்தாளி வைபையில் இருந்தது. அதில் இருக்கிற கருவிகள் ஒன்றையொன்று பார்க்காமல் ரவுட்டர் தடுத்துவிடும். அது சரிவந்த பிறகு, ரவுட்டரை நிப்பாட்டிப் போட்டதும் சேவரின் ஐபி முகவரி மாறிவிட்டது. நீங்களும் போடுறதெண்டால் முகவரியை முதலே நிலையாக்கி வையுங்கோ.

உண்மையான சிக்கல் வேற. பொத்தானை அமத்திக் கதைக்கிற முறை விளையாட்டுக்குச் சரி, விழுந்து கிடக்கிற ஆளால் அமத்த ஏலாது. குரல் கேட்டால் தானாகத் திறக்கிற முறையைப் போட்டோம். மெல்லிய முனகலை அது வெட்டிவிட்டது. கடைசியில் மைக்கை எந்நேரமும் திறந்தே வைத்தோம்.

மூன்றாம் நாள் இரவு, ஹெட்செட்டில் அம்மம்மா அழுவது கேட்டது. தாத்தாவோடு கதைக்கிறா. அவர் செத்து ஆறு வருசம். நாங்கள் நாலு பேரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காமல் ஹெட்செட்டைக் கழட்டினோம். பாதுகாப்பு எண்டு சொல்லி அவவின் அறைச் சுவரைத்தான் கழட்டியிருக்கிறோம். மம்பிள் குரலை மறையாக்கம் செய்துதான் அனுப்பும், வெளியாள் ஒட்டுக்கேட்க ஏலாது எண்டு பெருமையாக இருந்தனாங்கள். உள்ளாளைப் பற்றி யோசிக்கேல்ல.

விடிஞ்சதும் போய்ச் சொன்னோம். அவவுக்குத் தனிச் சனல் ஒன்று, கடவுச்சொல்லோடு, பெரியம்மாவின் போனுக்கு மட்டும் எண்டு மாத்தினோம். கடவுச்சொல்லை எங்களுக்கும் சொல்ல வேண்டாமெண்டு பெரியம்மாவிட்ட சொல்லிப்போட்டோம்.

"அப்ப நான் கதைக்கிறது கேக்காம இருக்க என்ன மனே செய்யிற?" எண்டு கேட்டா. மியூட் பொத்தானைக் காட்டினோம். கண் தெரியேல்ல எண்டா. பிறகு சேலைத் தலைப்பை நாலாக மடிச்சு மைக்குக்கு மேல் வைத்து, "இப்ப?" எண்டா.

பெரியம்மாவின் போனில் கேட்டுப் பார்க்கச் சொன்னோம். கொஞ்சம் கேட்குதாம், சொல் விளங்கேல்லயாம். அது போதும் எண்டு சொல்லிப்போட்டா அம்மம்மா.