துலக்கிய காசு

பழைய நாணயங்களுக்கும் மதிப்பெண் உண்டு. அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் தம் நாட்டுப் பழைய செப்புக் காசுகளுக்கென 1949-இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலே இன்று பெரிதும் வழங்குகிறது. 1986 முதல் அங்குள்ள நிறுவனங்கள் கட்டணம் பெற்று, காசுகளை ஆய்ந்து, எண் குறித்த சீட்டுடன் தெளிந்த பிளாஸ்டிக் பேழையில் அடைத்துத் தருகின்றன. 64-க்கும் 65-க்கும் உள்ள வேறுபாடு நம்மனோர் கண்ணுக்குப் புலப்படாது. விலையோ சில வேளை பன்மடங்கு ஏறும்!

எம் பங்கின் மூதாட்டி ஒருவர், பேத்தியின் படிப்புக்கு உதவுமென்று, கணவர் விட்டுச்சென்ற விக்டோரியா வெள்ளி ரூபாய்களைப் புளியிட்டுத் துலக்கிக் கொணர்ந்தார். துலக்கிய காசுக்கு அந்நிறுவனங்கள் வழக்கமாக எண் தருவதில்லை; இயல்பாய்ப் படிந்த கருமையே அவற்றுக்கு உகந்தது. "எப்படிப் பளபளக்கிறது, பாருங்கள் சாமி!" என்றார் அவர். வெள்ளியின் எடைக்குரிய விலை கிட்டும் என்று மட்டும் சொன்னேன்.