உவரிக் கரையில் இரண்டு இரவுகள்

பங்குனி பிறந்துவிட்டால் தென்பாண்டிச் சீமையின் குடும்பங்களில் ஒரே கேள்விதான் எழும்: "இந்த வருஷம் சாஸ்தா கோயிலுக்கு யார் யார் வருகிறார்கள்?" பங்குனி உத்திரம் சாஸ்தா அவதரித்த நாள் என்பது ஆன்றோர் நம்பிக்கை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் குலதெய்வம் ஏதேனும் ஒரு சாஸ்தாவே. ஆற்றங்கரையிலும் குளத்துமேட்டிலும் பனங்காட்டின் நடுவிலும் கடலோரத்திலும் அவர் வீற்றிருக்கிறார். ஆண்டு முழுவதும் ஆளரவமின்றிக் கிடக்கும் அந்தச் சந்நிதிகள் உத்திரத்தன்று மனிதத் தலைகளால் நிறைந்துவிடும். மும்பையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். சிதறிக் கிடக்கும் ஒரு குடும்பத்தை ஆண்டுக்கு ஒரு முறை ஓரிடத்தில் கூட்டுவதற்கென்றே நம் முன்னோர் வகுத்துவைத்த நாள் இது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அடியேனுக்குச் சொந்த ஊர் திசையன்விளை. தோட்டமும் தோப்புமாக உள்ள நிலத்தை எங்கள் பக்கத்தில் "விளை" என்போம். செம்மண்ணும் பனையும் முருங்கையும்தான் எங்கள் ஊரின் செல்வம். ஊரிலிருந்து தென்கிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் கடல் வந்துவிடும். அங்கே, அலை வந்து தொடும் தூரத்தில் அமைந்திருக்கிறது உவரி அருள்மிகு சுயம்புலிங்க சுவாமி திருக்கோயில். அதே தலத்தில் பிரம்மசக்தி அம்மனும், முன்னோடி சுவாமியும், பேச்சியம்மனும், இசக்கியம்மனும், மாடசுவாமியும், வன்னியடி சாஸ்தாவும் அருள்பாலிக்கின்றனர். வன்னியடி சாஸ்தாவே எங்கள் குலதெய்வம்.

என் சிறுபிராயத்தில் உத்திரத்துக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்படுவோம். பானை, அரிசி, கருப்பட்டி, விறகு, ஓலைப்பாய் எல்லாம் வண்டியில் ஏறும். கடற்கரை மணலில் நான்கு கம்பு நட்டு, பனையோலை வேய்ந்து குடில் அமைப்பார் தந்தையார். மூன்று இரவுகள் அங்கேதான் வாசம். பகலில் வழிபாடு, பொங்கல், கடல் நீராட்டு, இரவில் பேச்சு. எந்த வீட்டில் பெண் வயதுக்கு வந்திருக்கிறாள், எந்தப் பையனுக்கு வேலை கிடைத்திருக்கிறது, யார் வீட்டில் கடன் அழுத்துகிறது என்பதெல்லாம் அந்த ஓலைக் குடிலில்தான் தெரியவரும். திருமணங்கள் அங்கே நிச்சயமாயின. மனஸ்தாபங்கள் அங்கே தீர்ந்தன.

காலம் மாறியது. வண்டி வேனாகி, வேன் காராயிற்று. மூன்று இரவு ஒரு பகலாகி, பின்னர் அரை நாளாயிற்று. காலையில் வந்து, கற்பூரம் ஏற்றி, மதியம் திரும்பிவிடுவது வழக்கமாயிற்று. பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. உத்திரம் ஆங்கிலத் தேதியில் நிலையாக நிற்பதில்லை. 2024-இல் மார்ச் 25, 2025-இல் ஏப்ரல் 11. எந்தத் தேதியில் வந்தாலும் எங்கேனும் ஒரு பேரப்பிள்ளைக்குத் தேர்வு குறுக்கிடும். மருமகளுக்கு அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். "அடுத்த வருஷம் கண்டிப்பாக வருகிறோம் அப்பா" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நானும் பழகிப்போனேன்.

இதற்கு மேல் ஒரு வேதனையும் இருந்தது. தந்தையார் விட்டுச் சென்ற பனைவிளையின் பாகம் குறித்து எனக்கும் என் தம்பிக்கும் பேச்சு முற்றி, ஒன்பது ஆண்டுகளாக ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. உத்திரத்துக்கு அவன் காலையில் வந்தால் நான் மாலையில் போவேன். ஒரே சந்நிதியில் ஒரே தெய்வத்தைக் கும்பிட்டோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. சாஸ்தா இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இந்நிலையில் 2025-ஆம் ஆண்டு மாசி மாதம் எங்கள் அக்காவிடமிருந்து தொலைபேசி வந்தது. அத்தான் நோயுற்றிருந்தபோது, உவரியில் பதினோரு பெட்டி மண் சுமப்பதாக அவள் நேர்ந்திருந்தாள். அத்தான் பிழைத்தெழுந்து, மேலும் ஐந்தாண்டு வாழ்ந்து, இறைவனடி சேர்ந்தார். நேர்த்திக்கடன் மட்டும் நின்றுவிட்டது. அக்காவுக்கு வயது 77, முழங்கால் வலி. "அவர் கடனை வைத்துவிட்டுப் போய்விட்டார். நானும் வைத்துவிட்டுப் போகக்கூடாது தம்பி. இந்த உத்திரத்துக்கு எல்லோரும் வந்து, அப்பா காலத்து மாதிரி தங்க வேண்டும்" என்றாள். இதே சொற்களைத் தம்பியிடமும் சொல்லியிருக்கிறாள் என்பது பின்னரே தெரிந்தது. மூத்தவள் சொல்லைத் தட்ட இருவருக்கும் துணிவில்லை.

உத்திரம் வெள்ளிக்கிழமையில் வந்தது நல்லதாயிற்று. வியாழன் மாலை மூன்று வண்டிகளில் பத்தொன்பது பேர் உவரியில் இறங்கினோம். வாடகைக்குப் பந்தல் போட்டு, தார்ப்பாய் விரித்தோம். பெங்களூரில் படிக்கும் பேத்தி மணலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "தாத்தா, எங்கள் பள்ளியில் இதற்குப் பணம் கட்டி அழைத்துப் போவார்கள். கேம்பிங் என்று பெயர்" என்றாள். "நாங்கள் இதற்கு உத்திரம் என்று பெயர் வைத்திருக்கிறோம் கண்ணே" என்றேன். தம்பி குடும்பம் பந்தலின் மறு கோடியில் பாய் விரித்திருந்தது. நடுவில் அக்கா.

அன்றிரவு பேரப்பிள்ளைகளுக்குத் தல வரலாற்றைச் சொன்னாள் அக்கா. ஒரு காலத்தில் இத்தலம் கடம்பவனமாக இருந்ததாம். கூட்டப்பனையிலிருந்து பால் கொண்டு இவ்வழியே வருபவரின் கால், நாள்தோறும் ஒரே கடம்ப வேரில் இடறுமாம்; பாலும் கொட்டிப்போகுமாம். சினந்து அந்த வேரைக் கோடரியால் வெட்ட, அங்கிருந்து குருதி பீறிட்டதாம். அஞ்சி நடுங்கி நின்றபோது, சந்தனம் அரைத்துப் பூசுமாறு அசரீரி எழுந்ததாம். பூசியதும் குருதி நின்றது. சுயம்புவாக இறைவன் வெளிப்பட்டார். இன்றும் சந்தனமே அப்பெருமானுக்கு உகந்தது. "வெட்டினவனையும் சாமி தண்டிக்கவில்லை. சந்தனம் பூசு என்றுதான் சொன்னார்" என்று முடித்தாள் அக்கா. யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மறுநாள் விடியுமுன்னே கடலில் நீராடினோம். வன்னியடி சாஸ்தா சந்நிதியில் கூட்டம் நெருங்கியிருந்தது. வரிசையாக அடுப்புக் கூட்டி, பானைக்கு மஞ்சள் கட்டி, பொங்கலிட்டார்கள். அடுத்த அடுப்பில் பொங்குவது யார் வீட்டுப் பானை என்று யாரும் கேட்கவில்லை; எந்தப் பானை பொங்கினாலும் எல்லோரும் குலவையிட்டார்கள். எங்கள் பானை கிழக்கே பொங்கி வழிந்தபோது அக்காவின் கண்களும் நிறைந்தன.

மாலையில் வெயில் தணிந்ததும் மண் சுமக்கப் புறப்பட்டோம். உவரியில் இது புகழ்பெற்ற நேர்த்திக்கடன். கடல் மண்ணை ஓலைப்பெட்டியில் அள்ளி, தலையில் சுமந்து வந்து கரையில் கொட்ட வேண்டும். பதினொன்று, நாற்பத்தொன்று என்று அவரவர் நேர்ந்தபடி செலுத்துவர். செல்வரும் வறியரும் இங்கே ஒன்றுதான். காணிக்கை கடல் தந்த மண், கூலி தலையில் ஏறும் சுமை.

முதல் பெட்டியை அக்காவே சுமந்தாள். இரண்டாவது பெட்டிக்கு அவள் கால் மணலில் புதைந்து நின்றுவிட்டது. "குடும்பத்தின் கடன்தானே, குடும்பத்தார் சுமக்கலாம்" என்று அருகிலிருந்த பெரியவர் ஒருவர் சொல்ல, நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். இரண்டு, மூன்று, நான்கு. ஈர மணலின் பாரம் எழுபத்தொரு வயதுக் கழுத்துக்குத் தெரிந்தது. ஐந்தாவதைத் தூக்கி நான்கு அடி வைத்தபோது மூச்சு வாங்கியது. பின்னாலிருந்து இரு கைகள் பெட்டியைப் பற்றின.

"பெட்டியைத் தாருங்கள் அண்ணே."

ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் என் தம்பி என்னிடம் பேசிய முதல் சொல் அது. நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வரவில்லை. சுமையை அவன் தலைக்கு மாற்றி, சும்மாட்டைச் சரிசெய்து விட்டேன். ஐந்தும் ஆறும் அவன் சுமந்தான். பின்னர் பேரப்பிள்ளைகள் போட்டியிட்டு முன்வந்தார்கள். பதினோராவது பெட்டியை மட்டும் யாருக்கும் தரமாட்டேன் என்றாள் அக்கா. வலப்புறம் நானும் இடப்புறம் தம்பியும் தாங்கிக்கொள்ள, அவளே சுமந்து சென்று கொட்டினாள். கொட்டிய மண்ணைத் தொட்டு எங்கள் இருவர் நெற்றியிலும் இட்டாள்.

அன்றிரவு பந்தலில் மறு கோடி என்று ஒன்று இல்லை. அந்தி சாயுமுன்பே கடல்மேல் எழுந்துவிட்ட நிலவு, ஏறக்குறைய நிறைந்திருந்தது. தம்பிக்கு இரு ஆண்டுகளுக்கு முன் இருதயச் சிகிச்சை நடந்திருப்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. என் மகனின் வேலை போய், மீண்டும் கிடைத்தது அன்றுதான் அவனுக்குத் தெரிந்தது. மருமகள்மார் தங்கள் பரபரப்பைச் சொல்லிச் சிரித்தார்கள், சிறிது அழவும் செய்தார்கள். குழந்தைகள் மணலில் அப்படியே உறங்கிப்போனார்கள். பனைவிளைப் பாகம் அன்றிரவு பேசித் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது நாங்கள் பேசுகிறோம்.

சனிக்கிழமை காலை, பனையேறி ஒருவர் கொண்டுவந்த பதநீரை ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்துவிட்டு விடைபெற்றோம். பங்குனி பதநீருக்கு உரிய காலம். பேத்தி பட்டையைக் கீழே போட மனமில்லாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

நெல்லைச் சீமைக்குக் குடிலமைத்துத் தங்குவது புதிதன்று. தாமிரபரணி மலையிறங்கும் காரையாற்றில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் குடும்பம் குடும்பமாகத் தங்குவார்கள். தம் குலதெய்வம் இன்னதென்று அறியாதோரும் அங்கே சென்று வழிபடுவர். அவ்வனம் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. அங்கே தங்கும் நாள்களுக்கு வனத்துறை இப்போது வரம்பு விதித்திருக்கிறது. வருத்தம் வேண்டாம். ஆற்றில் விட்ட துணியும் காட்டில் எறிந்த பிளாஸ்டிக்கும் நாம் விட்டுவந்த குற்றங்களே. நம் முன்னோர் ஓலையும் மண்பானையும் கொண்டு சென்றார்கள். மீந்தவை மண்ணோடு மண்ணாயின. தெய்வம் இருக்கும் இடத்தை வந்தபடியே விட்டுச் செல்வதும் வழிபாட்டின் பகுதிதான்.

உவரிக்குச் செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில சொற்கள். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் கடற்கரைச் சாலையில் உவரி அமைந்துள்ளது. திருநெல்வேலியிலிருந்து வருவோர் திசையன்விளை வழியாக வரலாம். தைப்பூசத் தேரோட்டமும் வைகாசி விசாகமும் இங்கே சிறப்பானவை. மார்கழியில் காலைக் கதிரவனின் ஒளி சுவாமிமேல் படர்வதைக் காணவும் பக்தர்கள் வருகின்றனர். முதியோர் மணலில் நடக்கத் துணை ஒருவரை அழைத்து வருவது நலம். கடலில் ஆழம் போகாமல் கரையோரமே நீராடுங்கள். உத்திரத்துக்கு வருவோர் பாயும் போர்வையும் கொண்டு வந்து ஓர் இரவேனும் தங்குங்கள்.

பிள்ளைகளுக்கு நேரமில்லை என்று நாம் முதியவர்கள் மனம் நொந்து இருந்துவிடுகிறோம். அழைப்பவர் இல்லாததால் வராதவர்களும் உண்டு. அக்கா அழைத்ததால் பத்தொன்பது பேர் வந்தோம். வரும் பங்குனியில் உங்கள் குலதெய்வத்தின் சந்நிதிக்கு நீங்களும் அழையுங்கள். பேசாத பிள்ளையையும், பேசாத உடன்பிறப்பையும் சேர்த்தே அழையுங்கள். மற்றதை அங்கிருப்பவர் பார்த்துக்கொள்வார்.