கால் சொல்லும் கணக்கு

ஆட வந்தவர்களின் முகத்தை நம்பக் கூடாது, கால்களை நம்பலாம். கல்யாண வரவேற்பில் வீடியோ கேமரா சுற்றிக்கொண்டே இருக்கும். அது தன் பக்கம் திரும்பினால் யாராக இருந்தாலும் சிரிப்பார்கள், கையைத் தூக்குவார்கள். கால்களுக்கு அந்த நடிப்பு வராது. பாட்டு பிடித்திருந்தால் குதிகால் தரையைவிட்டு எழும். பிடிக்காவிட்டால் உடம்பின் பாரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிக்கொண்டே இருக்கும். பிறகு பாதம் நாற்காலிகள் இருக்கும் பக்கம் திரும்பும். பாதம் திரும்பிவிட்டால் சற்று நேரத்தில் ஆளும் போய்விடுவார். சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்யாண வரவேற்புகளுக்குப் பாட்டுப் போடும் டி.ஜே. நான். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இப்படிக் கால்களைப் பார்த்துக் கற்றதுதான்.

நான் வாசிக்கும் கருவி கன்ட்ரோலர். ஒரு பையில் அடங்கிவிடும். இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலத்துக்குச் சற்றுப் பெரிய வட்டத் தட்டுகள், ஜாக் வீல் என்போம். ஓரத்தில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டெம்போ ஃபேடர். நடுவில் மிக்ஸர்: ஒவ்வொரு பாட்டுக்கும் ஹை, மிட், லோ என்று மூன்று திருகுகள், ஒரு ஃபில்டர், ஒலியளவுக்கு ஒரு ஃபேடர், கீழே இரு பாட்டுகளுக்கு நடுவே ஓடும் கிராஸ்ஃபேடர். ஜாக் வீலுக்குக் கீழே பக்கத்துக்கு எட்டு ரப்பர் பேட்கள். இந்தப் பெட்டிக்குள் ஒரு பாட்டும் கிடையாது. பாட்டெல்லாம் லேப்டாப்பில் இருக்கிறது, யு.எஸ்.பி. கேபிள் வழியாக என் கை அசைவுகளை லேப்டாப்புக்குச் சொல்வதும், அங்கிருந்து வரும் ஒலியை ஸ்பீக்கருக்கும் ஹெட்போனுக்கும் பிரித்துத் தருவதும்தான் இதன் வேலை. 2018இல் வந்த பயோனியர் டிடிஜே-400 போன்ற சிறிய கருவிகள் இந்தத் தொழிலின் வாசலை எத்தனையோ பேருக்குத் திறந்துவிட்டன.

இப்படிப்பட்ட கருவிகள் வருவதற்கு முன்னால் இரண்டு பாட்டுகளின் தாளத்தை ஒன்றாக ஓட வைப்பதே தனி வித்தை. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் நியூயார்க்கில், பழைய தேவாலயக் கட்டடம் ஒன்றில் நடந்த சாங்ச்சுவரி என்ற கிளப்பில், ஃபிரான்சிஸ் கிராஸோ என்பவர் அதைச் செய்து காட்டினார். ஒரு ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததை ஹெட்போனில் கேட்டு, தட்டு அடியில் சுழல ரெக்கார்டை மட்டும் கையால் பிடித்து நிறுத்தி, சரியான அடியில் விடுவார். 1972இல் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் வந்தது. 1979இல் வந்த அதன் அடுத்த வடிவத்தில் வேகத்தை எட்டு சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் ஒரு நீளமான ஃபேடர் இருந்தது. நிமிடத்துக்கு 125 அடி ஓடும் பாட்டை 130க்குக் கொண்டுபோக நான்கு சதவீதம் தள்ள வேண்டும். அந்தக் கணக்கைக் காதால் போட்டார்கள். கூடவே குரலின் சுருதியும் ஏறும். ஆறு சதவீதம் தள்ளினால் கிட்டத்தட்ட அரை ஸ்வரம் உயர்ந்துவிடும்.

இன்றைய கன்ட்ரோலரில் சுருதியை அப்படியே நிறுத்தி வேகத்தை மட்டும் மாற்ற ஒரு பட்டன் இருக்கிறது. தாளத்தை ஒட்டவைக்க சிங்க் என்று இன்னொரு பட்டன். சிங்க் பட்டனைத் தொடுபவன் டி.ஜே.யே இல்லை என்று மூத்தவர்கள் சிலர் சொல்வார்கள். காதால் தாளம் சேர்க்கக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும்; அது இல்லாமல் இயந்திரம் தடுமாறும் இடத்தில் நாமும் தடுமாறுவோம். ஆனால் சிங்க் பட்டன் மிச்சப்படுத்தித் தரும் நேரத்தை நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முன்பு ஒரு நிமிடம் குனிந்து செய்த வேலை இப்போது நொடியில் முடிகிறது. மிஞ்சும் நேரத்தை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் டி.ஜே. யார் என்பது தெரியும்.

பலர் அதை லேப்டாப் திரையில் செலவழிக்கிறார்கள். திரையில் இரண்டு பாட்டும் வண்ண அலைகளாக ஓடும். எங்கே டிரம்ஸ் வரும், எங்கே பல்லவி என்று கண்ணாலேயே தெரியும். கழுத்து குனிந்தபடியே இருக்கும். நான் லேப்டாப்பை நேரே வைப்பதில்லை. இடப்பக்கம் ஓரமாக, தாழ்வாக வைப்பேன். பந்தியில் நன்றாகப் பரிமாறுகிறவர் வாளியைப் பார்க்க மாட்டார், இலையைப் பார்ப்பார். மண்டபத்தில் திரையைப் பார்க்காமல் இருக்கத்தான் வீட்டில் அத்தனை தயாரிப்பும். ஒவ்வொரு பாட்டிலும் முதல் அடி எது, குரல் எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறினால் உறுத்தாது என்று கேட்டுக் குறித்து பேட்களில் ஏற்றிவைப்பேன். மண்டபத்தில் விரலுக்கு இடம் தெரியும். கண் ஆட்டம் நடக்கும் ஃப்ளோரில் இருக்கும்.

இந்தக் கலையின் பெரிய கண்டுபிடிப்பும் பார்வையிலிருந்து பிறந்ததுதான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தில், தன் தங்கை ஏற்பாடு செய்த கொண்டாட்டத்துக்கு டி.ஜே. கூல் ஹெர்க் பாட்டுப் போட்டார். ஹிப்-ஹாப் பிறந்த நாளாக அதைக் கொண்டாடுகிறார்கள். பாட்டில் குரலும் மற்ற வாத்தியங்களும் ஓய்ந்து டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகவே ஆடுபவர்கள் காத்திருப்பதை அவர் கவனித்திருந்தார். அதனால் ஒரே ரெக்கார்டின் இரண்டு பிரதிகளை வைத்துக்கொண்டு, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் அதே இடத்தைத் தொடங்கி, அந்தச் சில நொடிகளை நிமிடங்களாக நீட்டினார். இன்று கன்ட்ரோலரில் லூப் பட்டனைத் தட்டும்போது நாம் செய்வது அதையேதான்.

ஒரு பாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். இரண்டும் தாளத்தில் ஒட்டி ஓடுகின்றன. ஆடுபவர்களுக்குக் கேட்பது பழைய பாட்டு மட்டும். புதிய பாட்டின் பேஸைக் கட்டுப்படுத்தும் லோ திருகை முழுக்க இடப்பக்கம் திருப்பிவிட்டு ஃபேடரை மெல்ல ஏற்றுவேன். அதன் மேல்சத்தம், கைதட்டல், சலங்கை மாதிரியான ஒலிகள் முதலில் உள்ளே வரும். இரண்டு பேஸ் ஒரே சமயம் ஒலித்தால் ஸ்பீக்கர் குழம்பும், நெஞ்சில் அடிக்கும் அடி தெளிவாக இருக்காது. அதனால் பேஸ் எப்போதும் ஒன்றுக்குத்தான். டான்ஸ் பாட்டுகள் பெரும்பாலும் முப்பத்திரண்டு அடிகளுக்கு ஒரு முறை ஒரு வாக்கியத்தை முடித்து அடுத்ததைத் தொடங்கும். அந்த வாக்கியம் முடியும் கடைசி நான்கு அடிகளில் பழைய பாட்டின் பேஸையும் எடுத்துவிடுவேன். தரையே இல்லாத மாதிரி ஒரு கணம். ஆடுபவர்களின் முழங்கால் தானாக மடங்கும், தோள் சற்று உயரும். அடுத்த முதல் அடியில் புதிய பாட்டின் லோ திருகை நடுவுக்குக் கொண்டுவந்தால் மொத்தக் கூட்டமும் ஒன்றாக இறங்கும். ஒலியளவு ஒரு புள்ளிகூட ஏறியிருக்காது. உடம்பு கேட்டுக்கொண்டிருந்ததைச் சற்றுத் தாமதித்துக் கொடுத்ததுதான் அந்த வேகத்துக்குக் காரணம்.

நம் பாட்டுகளில் இன்னொரு நுட்பம் உண்டு. டப்பாங்குத்து பெரும்பாலும் திஸ்ர நடையில் ஓடும். ஒவ்வொரு அடியும் உள்ளே மூன்றாகப் பிரியும். கிளப் பாட்டுகளும் இன்றைய பல சினிமாப் பாட்டுகளும் சதுஸ்ரம். அடி நான்காகப் பிரியும். இரண்டையும் ஒரே வேகத்தில் வைத்து சிங்க் தட்டினால் பெரிய அடிகள் சேர்ந்து விழும், நடுவில் இருக்கும் சின்ன அடிகள் ஒன்றோடொன்று முட்டும். சில சமயம் குத்துப் பாட்டின் வேகத்தையே மென்பொருள் ஒன்றரை மடங்காகக் கணக்கிட்டுவிடும். இயந்திரத்துக்கு அடியின் எண்ணிக்கை தெரிகிறது, நடை தெரிவதில்லை. இங்கே இரண்டையும் நீளமாகக் கலக்கவே கூடாது. நடுவில் பெரிய அடியை மட்டும் சொல்லும் கைதட்டல் லூப் ஒன்றை ஓடவிட்டு, பழைய நடை காதிலிருந்து கரைந்த பிறகு புதிய நடையைக் கொண்டுவருவேன். அல்லது எக்கோவில் பழையதைக் கரையவிட்டு, ஒரு மூச்சு இடைவெளிக்குப் பிறகு பறை அடியிலேயே நேராகத் தொடங்குவேன். வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்துப் பதிவான பழைய பாட்டுகளுக்கும் இந்தக் கவனம் வேண்டும். அவற்றின் வேகம் மனிதர்களின் வேகம். சரணத்தில் இம்மி முந்தும், பல்லவியில் இம்மி பிந்தும். அப்போது விரல் ஜாக் வீலின் விளிம்பிலேயே இருக்க வேண்டும்.

‘தளபதி’ படத்தின் ‘ராக்கம்மா கையத் தட்டு’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் வந்தது, இன்றும் அதன் வயலின்கள் தொடங்கினால் மண்டபம் திரும்பிப் பார்க்கும். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது நடுவில் ஆட்டத் தாளம் அடங்கி அப்பர் தேவாரம் வரும். ஃப்ளோர் சூடாக இருக்கும்போது அந்த இடத்தைத் தாண்டிவிடச் சொல்லி கை துடிக்கும். பேடைத் தட்டினால் போதும். நான் தாண்டுவதில்லை. தேவாரம் வரும்போது ஆடுபவர்கள் நின்று மூச்சு வாங்குவார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் கூடவே பாடுவார்கள். பெரியம்மாக்களின் கையைப் பிடித்து பிள்ளைகள் உள்ளே இழுத்துவருவது அந்த இடத்தில்தான். தாளம் திரும்பி வரும்போது ஃப்ளோரில் முன்பைவிட அதிகம் பேர் இருப்பார்கள். ஏறிக்கொண்டே போகும் ஆட்டத்தைவிட ஓய்வு அறிந்த ஆட்டம் நெடுநேரம் நிற்கும். இளையராஜா அந்த ஓய்வைப் பாட்டுக்குள்ளேயே வைத்துத் தந்திருக்கிறார். அதை வெட்டியெறிய எனக்கு மனம் வராது.

நியூயார்க்கில் 1970இல் காதலர் தினத்தன்று தன் வீட்டிலேயே நடனக் கூடலைத் தொடங்கிய டேவிட் மன்கூசோ, ஓர் இரவை மூன்று கட்டங்களாகப் பார்த்தார்: முதலில் அமைதி, பிறகு திருவிழா, கடைசியில் மெல்ல வீடு திரும்புதல். பிற்காலத்தில் அவர் பாட்டுகளைக் கலப்பதையே விட்டுவிட்டு, ஒவ்வொன்றையும் தொடக்கம் முதல் முடிவு வரை முழுதாக ஓடவிட்டார். வரிசை சரியாக இருந்தால் கை வித்தை இல்லாமலும் ஓர் இரவைக் கட்டி எழுப்பலாம் என்று அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன்.

ஆனால் அவருக்கு விடியும் வரை நேரம் இருந்தது. எங்களுக்கு அப்படியில்லை. ஒலி மாசு குறித்த 2000ஆம் ஆண்டு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் புல்வெளியில் வரவேற்பு என்றால் பத்து மணிக்கு ஃபேடர் கீழே இறங்கியாக வேண்டும். அதற்குள் மேடையில் பரிசு கொடுக்கும் வரிசை, போட்டோ, பந்தி எல்லாம் நடக்கும். முதல் பந்திக்குக் கூப்பிட்டதும் ஃப்ளோர் பாதி காலியாகும். அந்த நேரத்தில் பெரிய பாட்டுகளை வீணாக்கக் கூடாது. சாப்பிட்டுவிட்டு வருபவர்களுக்கு நடுத்தர வேகத்தில் பழைய பாட்டுகள், பிறகு படிப்படியாக ஏற்றம், ஒன்பதரைக்கு உச்சம், கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடக்கூடிய பாட்டுகள். இது என் கணக்கு. ஃப்ளோர் வேறு கணக்கு சொன்னால் அதுதான் செல்லும்.

ஏழரை மணிக்கே சின்னப் பையன் ஒருவன் வந்து நிற்பான். “அண்ணா, அரபிக் குத்து போடுங்கண்ணா.”

“கண்டிப்பா போடறேன் தம்பி. உன் அக்கா மேடையை விட்டு இறங்கட்டும், அவங்களையும் கூட்டிட்டு வா.”

அவன் கேட்டதைத் தொந்தரவாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கூட்டத்தில் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று அவன் தானாக வந்து சொல்லிவிட்டுப் போகிறான். சற்று நேரம் கழித்து அவன் தாத்தா வருவார். “தம்பி, சவுண்ட கொஞ்சம் குறைப்பா, பக்கத்துல பேசறது காதுல விழல.” அவர் சொல்வதும் எனக்கு வேண்டும். சத்தம் கூடினால் உற்சாகம் கூடும் என்பது தப்பு எண்ணம். கேளிக்கை அரங்குகளில் பதினைந்து நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் வரையறுத்தது. நான் ஃப்ளோர் பக்கம் மட்டும் ஸ்பீக்கரைத் திருப்பிவைப்பேன். மாலையைத் தாழ்ந்த ஒலியில் தொடங்கினால்தான் ஒன்பதரைக்கு ஏற்ற இடம் இருக்கும். மிக்ஸரில் சிவப்பு விளக்கு எரியவிடுவதில்லை. சிவப்பில் போனால் ஒலி உடையும், காது சோரும், காது சோர்ந்தால் கால் நின்றுவிடும்.

கன்ட்ரோலர் வாங்கலாமா, எதை வாங்கலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். கையில் இருக்கும் பணத்துக்கு எது வருகிறதோ அதை வாங்குங்கள். சிங்க் இருந்தாலும் முதல் சில மாதங்கள் அதைத் தொடாமல் காதால் பழகுங்கள். அதோடு, வேறொருவர் பாட்டுப் போடும் இடத்துக்குப் போய் ஆடுங்கள். ஓரமாக நின்று அவர் விரலை நோட்டம் விடுவதைவிட, கூட்டத்தின் நடுவில் வியர்க்க ஆடுவதில் கிடைக்கும் பாடம் அதிகம். எந்தப் பாட்டில் உங்கள் குதிகால் எழுந்தது, எப்போது மூச்சுக்கு இடம் தேடினீர்கள், எந்த நொடியில் நாற்காலி நினைவுக்கு வந்தது என்று உங்கள் உடம்பே குறித்துவைத்துக்கொள்ளும். எதிரில் ஆடுபவருக்கு அடுத்து என்ன வேண்டும் என்று ஆடிப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.